டப்ளினில் மாறி அமெரிக்கா: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிரிட்டனிலிருந்து அமெரிக்காவுக்கு விடுமுறை போகத் திட்டமிடுபவர்கள் முதலில் பார்ப்பது டிக்கெட் விலையை. எங்கள் வீட்டில் முதலில் எழும் கேள்வி வரிசையைப் பற்றியது. ஏழெட்டு மணி நேரம் பறந்து களைத்து இறங்கி, தூக்கம் கண்ணைச் சொருகும் பிள்ளைகளையும் மூட்டுவலிக்கார மாமியாரையும் வைத்துக்கொண்டு குடியேற்ற வரிசையில் நிற்பதா? அல்லது தெம்பாக இருக்கும் காலை வேளையிலேயே அதை முடித்துவிட்டு விமானம் ஏறுவதா? இதற்கு விடை தேடித்தான் டப்ளினுக்கு வந்து சேர்ந்தோம். பல ஆண்டுகளாக அதுவே எங்கள் வழி.

நாங்கள் இருப்பது பர்மிங்காமில். இங்கிருந்து நியூயார்க்குக்கோ பாஸ்டனுக்கோ ஆண்டு முழுவதும் ஓடும் நேரடி விமானம் கிடையாது. எம்40 நெடுஞ்சாலையில் ஹீத்ரோவுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், டப்ளின் என்று எங்காவது மாற வேண்டும். மற்ற இரண்டு ஊர்களுக்கும் கிழக்கே பறந்து, பிறகு வந்த வழியே மேற்கே திரும்ப வேண்டும். டப்ளின் போகிற திசையிலேயே இருக்கிறது, பறக்கும் நேரமும் சுமார் ஒரு மணிதான். ஆனால் அதன் உண்மையான பலன் தூரத்தில் இல்லை.

டப்ளின் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்து குடியேற்றச் சோதனை, சுங்கம், வேளாண் பொருள் சோதனை மூன்றையும் முடித்துவிடுகிறார்கள். பிரீகிளியரன்ஸ் என்று சொல்லப்படும் இந்த முன்சோதனை 1952-இல் டொராண்டோவில் தொடங்கிய ஏற்பாடு. ஐரோப்பாவில் டப்ளின், ஷானன் என்ற இரண்டு அயர்லாந்து விமான நிலையங்களில் மட்டுமே இது உண்டு. ஹீத்ரோவும் மான்செஸ்டரும் அடங்கிய பத்து விமான நிலையங்களில் இதைக் கொண்டுவர விரும்புவதாக 2015-இல் அமெரிக்கா அறிவித்தது. மான்செஸ்டருக்கு வந்துவிட்டால் எங்களைப் போன்ற நடு இங்கிலாந்துக்காரர்களுக்குப் பெரிய வசதி என்று அப்போது மகிழ்ந்தோம். அறிவிப்போடு நின்றுபோயிற்று.

முன்சோதனை முடித்தவர் அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியைப் போல இறங்குகிறார். விமானத்திலிருந்து வெளியே வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே டாக்சிக்குப் போய்விடலாம். அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டியவர்களுக்கு இது இன்னும் பெரிய லாபம். பிரிட்டனிலிருந்து நேரடியாகப் போய் நியூயார்க்கில் மாறினால், வழக்கமாக அங்கே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மீண்டும் ஒப்படைத்து, பாதுகாப்புச் சோதனைக்கும் போக வேண்டும். டப்ளின் வழியில், ஒரே டிக்கெட்டாக இருந்தால், பெட்டி கடைசி ஊர்வரை தானாகப் போகிறது. ஃபுளோரிடாவுக்கோ டென்வருக்கோ போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே டப்ளினை யோசிக்கலாம்.

அங்கே நடைமுறை எப்படி என்று முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. முன்சோதனைப் பகுதியிலேயே இன்னொரு பாதுகாப்புச் சோதனை உண்டு. பர்மிங்காமில் சோதித்தது கணக்கில் சேராது. பிறகு குடியேற்ற அதிகாரி. இணைப்பு விமானத்தில் வந்தவர்களின் பெட்டியும் டப்ளினில் பதிவான பிறகே உள்ளே விடுவார்கள். நீங்கள் விரைந்து வந்துவிட்டாலும் பெட்டி மெதுவாக வந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். அதிகாரி முன் நிற்கும்போது பெட்டியின் படத்தைத் திரையில் காட்டி, உங்களுடையதா என்று கேட்பார்கள். கறுப்புப் பெட்டிகளாகவே வாங்கும் குடும்பங்கள் ஒரு சிவப்பு நாடாவாவது கட்டிவிடுங்கள்.

அமெரிக்க விமானங்களில் பெரும்பாலானவை முற்பகலிலிருந்து பிற்பகலுக்குள் அடுத்தடுத்துக் கிளம்புவதால் கோடைக் காலையில் கூட்டம் நெரியும். இணைப்புக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான டிக்கெட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் எடுப்பதில்லை. சோதனை தாண்டிய பிறகு சாப்பாட்டுக் கடைகள் குறைவு. திரும்பி வரவும் முடியாது. பிள்ளைகளுக்கு வேண்டியதை முன்பே வாங்கிவிட வேண்டும்.

கையில் கொண்டுபோகும் உணவைப் பற்றியும் ஒரு சொல். வேளாண் சோதனையும் டப்ளினிலேயே நடப்பதால், நியூஜெர்சி உறவினர்களுக்கென்று கட்டிய பொட்டலங்கள் அட்லாண்டிக்கைப் பார்க்காமலே பறிபோகலாம். பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் தடை. எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த அந்தச் செடியில் வாழும் ஒருவகைப் பூச்சி ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிறது. மாமியார் இதை இன்னும் ஏற்கவில்லை. இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம். மற்ற உணவுப் பொருள்களைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை. சொல்லாமல் அகப்பட்டால்தான் அபராதம்.

இனி பணம். டப்ளின் வழி மலிவு என்று பலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. பிரிட்டனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பயணியிடமும் அரசு விமானப் பயணி வரி வாங்குகிறது. அமெரிக்காவுக்குச் சாதாரண வகுப்பில் 2025 ஏப்ரலில் 90 பவுண்டாக இருந்தது 2026 ஏப்ரலில் 102 ஆயிற்று. சாதாரண வகுப்பில் போகும் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த வரி இல்லை. அயர்லாந்து தன் விமானப் பயண வரியை 2014-லேயே நீக்கிவிட்டது. ஆனால் பர்மிங்காமிலிருந்து பாஸ்டன்வரை ஒரே டிக்கெட் எடுத்தால், டப்ளினில் மாறினாலும், வரி கடைசி ஊரை வைத்துத்தான். முழுத் தொகையும் கட்ட வேண்டும். டப்ளின்வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து தனியாக இன்னொன்று என்று பிரித்தால் 15 பவுண்டோடு முடியும். ஆளுக்கு 87 பவுண்டு மிச்சம்.

அந்த 87 பவுண்டை நான் தொடுவதில்லை. பிரித்து எடுத்தால் முதல் விமானம் தாமதமாவதற்கு இரண்டாவது விமானத்தார் பொறுப்பில்லை. அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் வராமல் போன பயணி. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படித்தான் நான்கு பேருக்குப் புது டிக்கெட் வாங்கியது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் பரிசுகள் எளிமையாக இருந்தன. பெட்டியையும் டப்ளினில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் கடமை. விமான நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், இந்தத் தொலைவுக்கு ஆளுக்கு 520 பவுண்டு இழப்பீடும் கேட்கலாம். மூடுபனியும் புயலும் இதில் சேராது.

பிரித்து எடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு யோசனை: முந்தைய நாளே டப்ளின் போய் ஓர் இரவு தங்கிவிடுங்கள். அறை வாடகை மிச்சத்தைத் தின்றுவிடும் என்பீர்கள். இருவர் போனால் அநேகமாக அப்படித்தான். பிசினஸ் வகுப்புக்காரர்களின் கணக்கு வேறு. அந்த வகுப்புக்கு வரி 244 பவுண்டு என்பதால் அவர்களுக்கு ஓர் இரவுத் தங்கல் கட்டுப்படியாகலாம்.

எந்த வழியில் போனாலும் டிக்கெட்டை கிரெடிட் கார்டில் வாங்குவது எங்கள் வீட்டுச் சட்டம். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளையோ சேவையையோ விற்றவர் சொன்னபடி தராவிட்டால், கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாளியாக்குகிறது. யூரோவில் விலை போட்டிருந்தால், வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணம் வாங்காத கார்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டை டிக்கெட் வாங்கிய அன்றே எடுத்துவிட வேண்டும், பயணத்துக்கு முந்தைய வாரம் அல்ல. புறப்படும் முன்னரே யாருக்காவது உடல்நலம் கெட்டுப் பயணம் நின்றுபோனால் கைகொடுப்பது அதுதான். ஐரோப்பாவில் உதவும் நம் சுகாதார அட்டை அமெரிக்காவில் செல்லாது. அங்கே மருத்துவமனைச் செலவு வீட்டுக் கடன் அளவுக்குப் போகும். மாமியாரின் சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதித்தான் எடுக்கிறோம். அவருக்கான கட்டணம் மற்ற எல்லோருக்கும் சேர்த்து வருவதைவிட அதிகம்.

வாடகைக் காரையும் பிரிட்டனிலிருந்தே பதிவு செய்கிறோம். இங்குள்ளவர்களுக்கு விற்கப்படும் கட்டணத்தில் வண்டிச் சேதக் காப்பும் பிறருக்கான பொறுப்புக் காப்பும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். அமெரிக்கத் தளத்தில் தெரியும் மலிவு விலையில் அவை அநேகமாக இருக்காது, கவுன்டரில்தான் கணக்கு ஏறும்.

ஆவணங்களில் எஸ்டா பற்றி மட்டும் சொல்கிறேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா தேவையில்லை, இந்த இணைய அனுமதி போதும். 2010-இல் 14 டாலராக இருந்த கட்டணம் 2022-இல் 21 ஆகி, 2025 செப்டம்பர் இறுதியில் 40-ஐத் தொட்டது. இரண்டு ஆண்டு செல்லும். அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் இதுவும் போயிற்று. தேடலில் மேலே வரும் போலித் தளங்கள் இருமடங்கு வாங்குகின்றன, எனவே அமெரிக்க அரசின் தளத்திலேயே எடுங்கள். இந்தியாவில் அல்லது இலங்கையில் பிறந்ததால் தடை எதுவும் இல்லை. ஆனால் 2011 மார்ச்சுக்குப் பிறகு ஈரான், ஈராக், சிரியா முதலிய நாடுகளுக்கோ, 2021 ஜனவரிக்குப் பிறகு கியூபாவுக்கோ போய்வந்தவர்கள் விசா எடுக்க வேண்டும். கியூபா கடற்கரையில் ஒரு வாரம் கழித்துவிட்டு வரும் பிரிட்டிஷ்காரர்கள் ஏராளம், இந்த விதியை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

நம் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் வேறொன்று. வீட்டில் ஒருவர் இன்னும் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருக்கலாம். அவருக்கு அமெரிக்க விசா மட்டும் போதாது. பிரிட்டனில் நிரந்தரமாக வாழும் உரிமை இருந்தாலும் அயர்லாந்தின் விசா விதிகள் தனி. விமானம் மாறுவதற்கும் அவற்றைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்ய வேண்டும். அப்படியொருவர் உடன் வரும் பயணங்களில் நாங்கள் டப்ளினை விட்டுவிட்டு ஹீத்ரோவுக்கே போகிறோம்.

திரும்பி வருவதுதான் இந்த வழியின் பலவீனம். கிழக்கு நோக்கி வரும் விமானங்கள் பெரும்பாலும் இரவில் கிளம்பும். பாஸ்டனிலிருந்து டப்ளினுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாப்பாடு கொடுத்து, விளக்கணைத்து, கண் அயர்வதற்குள் காலை உணவு வந்துவிடும். விடியற்காலையில் இறங்கி, பர்மிங்காம் விமானத்துக்காகக் காத்திருக்கும் அந்த நேரம் யாருக்கும் பிடிப்பதில்லை. லண்டன்வாசிகளுக்கு இங்கே நல்ல மாற்று உண்டு: நியூயார்க், வாஷிங்டன் போன்ற ஊர்களிலிருந்து காலையில் கிளம்பி இரவில் ஹீத்ரோ வந்துசேரும் பகல் விமானங்கள். சொந்தக் கட்டிலில் தூங்கலாம். போகும்போது டப்ளின் வழியாகவும் வரும்போது நேரடியாகவும் டிக்கெட் எடுக்க முடிகிறதா என்று அவர்கள் தேடிப் பார்க்கலாம். எங்களுக்கோ இரவு ஹீத்ரோவில் இறங்கினால் அதன்பின் எம்40-இல் இரண்டு மணி நேரம்.

ஆறுதல் ஒன்று உண்டு. அயர்லாந்தும் பிரிட்டனும் பொதுப் பயணப் பகுதி என்பதால் டப்ளினிலிருந்து வருபவர்களுக்குப் பர்மிங்காமில் பாஸ்போர்ட் வரிசை கிடையாது. டப்ளினில் மாறும்போது பாஸ்போர்ட் பார்ப்பார்கள், அவ்வளவுதான். திரும்பும்போது டப்ளினில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழும் டிக்கெட்டை மட்டும் இப்போது தவிர்க்கிறோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் அதற்குப் பதிலாக ஒரு நாள் முழுவதும் அங்கே தங்கி ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்று மனைவி சொல்கிறாள்.