.45 கோல்ட் லீவர் ரைபிள் வைத்திருப்போருக்கு: பையில் கட்டி விற்கும் ரீலோடு தோட்டாக்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோவை அடுத்த ஒரு துப்பாக்கிக் கடையில், தெரிந்தே மறைக்கப்பட்ட ஒரு தகவலால் நான் பெரிய விபத்துக்கு மிக அருகில் சென்று வந்தேன். ரிவால்வர் தோட்டாவைப் பயன்படுத்தும் லீவர் ரைபிள் (கைப்பிடிக்குக் கீழுள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

என்னிடம் இருப்பது, 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர் மாதிரியைப் பின்பற்றி இத்தாலியில் செய்யப்பட்ட, .45 கோல்ட் என்ற வகைத் தோட்டாவைச் சுடும் ரைபிள். ரிவால்வருக்கும் ரைபிளுக்கும் ஒரே தோட்டா என்பதுதான் இவ்வகைத் துப்பாக்கிகளின் பெரிய வசதி, வின்செஸ்டரின் .44-40 தோட்டாவுக்கு ஏற்பக் கோல்ட் நிறுவனம் 1878இல் தன் ரிவால்வரைச் செய்து விற்ற காலத்திலிருந்தே மக்கள் இதை விரும்பி வந்திருக்கிறார்கள். கடைக்காரரும் இதே வசதியைச் சொல்லித்தான் ஒரு பை நிறைய ரீலோடு தோட்டாக்களை (சுட்ட தோட்டா உறைகளில் மீண்டும் மருந்தும் குண்டும் நிரப்பியவை) என் தலையில் கட்டினார். 1873 மாதிரி என்று குறிப்பிட்டு, அது தாங்குமா என்று நான் கேட்டதற்கு, “தோட்டாவிலும் .45 கோல்ட், துப்பாக்கியிலும் .45 கோல்ட், தாராளமாகச் சுடலாம்” என்றார்.

சுடுதளத்தில் லீவரைக் கீழே தள்ளியபோது அது முழுதாக இறங்காமல் நின்றுவிட்டது. இந்த ரைபிளில் தோட்டாவை மேலே தூக்கிக் கொடுப்பது ஒரு பித்தளைக் கட்டை. அதில் சுமார் 1.6 அங்குல நீளமுள்ள தோட்டாதான் சரியாக உட்காரும். அதைவிட நீண்ட தோட்டாவின் மூக்கு, தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய் மேகசினுக்குள்ளேயே மாட்டிக்கொள்வதால் கட்டை மேலெழும்ப முடியாது. அந்தச் சிக்கல்தான் என்னைக் காப்பாற்றியது என்பேன். ரைபிளைக் கழற்றிச் சரிசெய்த துப்பாக்கி மெக்கானிக், ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டை எடை போட்டார்: 300 கிரெயின் (குண்டை எடைபோடும் சிறு அலகு). இந்தத் துப்பாக்கிக்கு வழக்கமானது 250 கிரெயின். பிறகு அவர் பையைத் திருப்பி, கடையின் விலைச் சீட்டை நகத்தால் மெல்ல உரித்தார். அதன் அடியில், நீல மையில், “ரூகர், கன்டெண்டர் மட்டும்” என்று கையால் எழுதியிருந்தது. அதாவது, கனத்த ரூகர் ரிவால்வரிலும் கன்டெண்டர் என்ற ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியிலும் மட்டுமே சுட வேண்டியவை.

அந்த வரியின் பொருள் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. .45 கோல்ட் தோட்டாவுக்குத் தொழில்துறை நிர்ணயித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. ரூகர் பிளாக்ஹாக் போன்ற கனத்த ரிவால்வர்களுக்கென்று தயாரிக்கப்படும் தோட்டாக்களோ அதைப்போல் இரு மடங்கு அழுத்தம் தரக்கூடியவை. 1873 மாதிரியில் தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டைப் பூட்டி நிறுத்துவது முழங்கால் போல மடங்கி நிமிரும் இணைப்புகள் மட்டுமே. இரண்டு கனத்த எஃகுக் கட்டைகள் செங்குத்தாக ஏறிப் பூட்டும் துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரௌனிங்கின் 1892 வின்செஸ்டர் வடிவமைப்பின் வலிமை அதற்குக் கிடையாது. அந்தத் தோட்டாக்களில் சில சற்றுக் குட்டையாக இருந்திருந்தால் அவை தடையின்றி அறைக்குள் ஏறியிருக்கும். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன்.

கடைக்குத் திரும்பிச் சென்று சீட்டை உரித்துக் காட்டியபோது, பிரித்த தோட்டாவைத் திரும்பப் பெறுவதில்லை என்ற பதிலே கிடைத்தது. யாரோ ஒருவரின் பழைய சரக்கை மொத்தமாக வாங்கியதாகவும், எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். சீட்டு அந்த வரியின் மேல் மட்டும் கச்சிதமாக ஒட்டப்பட்டிருந்ததற்கு அவரிடம் விளக்கம் இல்லை. அமெரிக்காவில் விற்பனைக்காகத் தோட்டா தயாரிப்பவருக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். தயாரித்தவர் யார் என்றே அச்சிடப்படாத ஒரு பையை அவர் பகிரங்கமாக அடுக்கி வைத்திருந்தார். கிரெடிட் கார்டு நிறுவனத்தில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெற்றேன்.

இத்தகைய பை உங்களிடம் இருந்தால் 1866, 1873 மாதிரி ரைபிள்களில் அதிலிருந்து ஒரு தோட்டாவைக்கூடச் சுட வேண்டாம். தயாரிப்பாளர் பெயருடன் பெட்டியில் வரும், தட்டை மூக்குக் கொண்ட, சாதாரண அழுத்தத் தோட்டாக்களை மட்டும் வாங்குங்கள். கூர்மூக்குக் குண்டு குழாய் மேகசினில் முன்னால் உள்ள தோட்டாவின் ப்ரைமரை (அடியில் உள்ள, இடித்தால் தீப்பற்றும் மூடியை) இடித்து வெடிக்க வைக்கலாம். பையில் உள்ளவற்றை, குண்டைக் கழற்றத் தெரிந்த மெக்கானிக்கிடமே ஒப்படைத்துவிடுங்கள்.