1849-இல் பாடனிலிருந்து தப்பி வந்தவரைத் தேடி: சில வருட அனுபவம்

என் மாமனாரின் எள்ளுத்தாத்தா ஜெர்மனியில் மன்னராட்சியை எதிர்த்து 1848-49-இல் நடந்த புரட்சியில் சேர்ந்து, தோற்று, உயிர் தப்பி அமெரிக்கா வந்தவர் என்பது இந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. கல்யாணமாகி மிசௌரிக்கு வந்த புதிதில் கேட்ட அந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. சில வருடங்களாக மாமனாரும் நானும் சேர்ந்துதான் தேடுகிறோம். எந்த ஆவணம் நிஜமாகக் கைகொடுத்தது என்பதை, இதே மாதிரித் தேடலில் இறங்குகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கதையை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1840-களின் நடுவில் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. 1846-இல் விளைச்சலும் பொய்த்தது. தென்மேற்கு ஜெர்மனியில் அப்போது தனி அரசாக இருந்த பாடனில் பல ஊர்களில் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு போட்டுப் போட்டு, கடைசியில் ஒரு குடும்பம் பிழைக்கவும் காணாது. 1854-இல் மட்டும் 2 லட்சத்துக்கும் அதிகமான ஜெர்மானியர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்பு தேடி வந்தவர்கள். ஆனால் பேரப்பிள்ளைகள் சொல்லும்போது எல்லோருமே புரட்சிக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். நம் ஆள் எந்த வகை என்று தெரிய அவருடைய கிராமத்தின் பெயர் வேண்டும். ஜெர்மனியில் எல்லாப் பதிவும் ஊர்வாரியாகத்தான் இருக்கின்றன. ஊர் தெரியாமல் அங்கே தேடப் போனால் காலமும் பணமும்தான் வீண்.

அந்த ஊர்ப்பெயர் அநேகமாக அமெரிக்காவில்தான் கிடைக்கும். 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவருக்குப் பிறந்த இடம் 'பாடன்' என்று மட்டும் இருந்தது. குடியுரிமைக்கான முதல் விண்ணப்பமும் கிடைத்தது. பாடனை ஆண்ட கிராண்ட் டியூக்குக்கு இனி விசுவாசம் கிடையாது என்று அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பாடனிலிருந்து வந்த எல்லோரும் கையெழுத்திட்ட வழக்கமான வாசகம்தான் அது. ஆனாலும் அந்த டியூக் லியோபோல்டை 1849 மே மாதத்தில் நாட்டை விட்டே ஓட வைத்த கூட்டத்தில் இவரும் இருந்திருந்தால் என்று நினைத்தபோது, மாமனார் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். 1906-க்கு முன் குடியுரிமையை எந்த ஊர் நீதிமன்றமும் கொடுக்கலாம். அதனால் பக்கத்து மாவட்டங்களையும் பார்க்காமல் விடாதீர்கள்.

கடைசியில் ஊரைக் கொடுத்தது செயின்ட் லூயிஸில் இருந்த ஒரு ஜெர்மன் தேவாலயத்தின் திருமணப் பதிவேடு. அரசாங்க எழுத்தர் ஒற்றை வார்த்தையில் முடித்ததை, ஜெர்மன் பாதிரியார் ஊர், வட்டம் என்று விவரமாக எழுதியிருந்தார். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இந்த மாதிரிப் பதிவேடுகள் ஏராளம், எல்லாம் இலவசம். சில படங்களை அவர்களுடைய மையங்களிலோ இணைந்த நூலகங்களிலோ போய்த்தான் பார்க்க முடியும். போகலாம், வீண்போகாது. ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்துக்குச் சந்தா கட்டுவதற்கு முன் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள்; பல நூலகங்களில் சும்மாவே பார்க்கலாம்.

மற்றவர்கள் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரங்களை நம்ப வேண்டாம். ஒரு தளத்தில் இவருக்கு யாரோ பவேரியாவில் அப்பா அம்மா தேடிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பலரும் அப்படியே ஏற்றியிருந்தார்கள். ஆதாரம் கேட்டால் பதில் இல்லை.

ஊர் ஆஃபன்பர்க் பக்கம். 1847 செப்டம்பரில் பாடன் ஜனநாயகவாதிகள் கூடிக் கோரிக்கைகளை அறிவித்த நகரம் அது. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநில ஆவணக் காப்பகம் 1810 முதல் 1870 வரையிலான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. ஆனால் பெயர் போட்டுத் தேட முடியாது. ஊரின் தொகுதியைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

எல்லாம் குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. முதல் பார்வைக்கு வெறும் மேலும் கீழுமான கோடுகள். 'யூ' எழுத்தும் 'என்' எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும்; 'யூ'வின் தலையில் மட்டும் சின்னதாக ஒரு வளைவு. அது கண்ணில் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கையெழுத்தைப் படித்துக் கொடுக்கும் மென்பொருளும் வாங்கிப் பார்த்தோம். வாக்கியங்களை ஓரளவு படித்தது, ஆட்களின் பெயர்களைத்தான் சொதப்பியது. நமக்கு வேண்டியதே பெயர்தானே! அப்புறம் நானே எழுத்துக் கற்றுக்கொண்டேன். 1826 பிறப்புப் பதிவு கிடைத்தபோது அப்பாவின் தொழிலும் இரண்டு சாட்சிகளின் பெயரும் அதிலேயே இருந்தன. அப்பா நெசவாளி. பிள்ளையும் நெசவாளி என்பது பிறகு தெரிந்தது.

தென்மேற்கு ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்தவர்களின் பட்டியலும் அதே காப்பகத்தின் தளத்தில் உண்டு. அதில் இவர் இல்லை. அது அனுமதி கேட்டு முறையாகப் போனவர்களின் விண்ணப்பங்களை ஒட்டி வந்த பட்டியல். தலைமறைவானவர் எங்கே மனு கொடுக்கப் போகிறார்? ராணுவச் சேவைக்குப் பயந்து சொல்லாமல் போனவர்களும் உண்டு என்பதால், பட்டியலில் இல்லை என்பதை மட்டும் வைத்துப் புரட்சிக்காரர் என்று முடிவு கட்டிவிட முடியாது.

முடிவு கட்டியது கார்ல்ஸ்ரூஹே, ஃப்ரைபுர்க் காப்பகங்களின் விசாரணைக் கோப்புகளிலிருந்து தொகுத்து 1998-இல் வெளியான புரட்சிக்காரர்களின் பெயர்த் தொகுப்பு. கிராமம், நெசவாளி, மக்கள் படையில் இருந்தவர், தலைமறைவு, சொத்து முடக்கம் என்று சில வரிகள். வீட்டில் ஒரு கடிதம்கூட மிஞ்சவில்லை. அவரைத் துரத்திய அரசாங்கம்தான் அவருடைய பெயரைப் பத்திரமாக வைத்திருந்தது. ஆகவே தேடுகிறவர்கள் போலீஸ், நீதிமன்ற, சொத்து முடக்கக் கோப்புகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இதிலும் ஒரு விஷயம். 1849 கோடையில் புரட்சி அரசு கல்யாணமாகாத இளைஞர்களைப் படைக்கு அழைத்தது. பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் தாமாக ஆயுதம் எடுத்தவர்கள் அல்ல. இவருக்கு அப்போது 23 வயது. அழைத்ததால் போனாரா, ஆசைப்பட்டுப் போனாரா என்று அந்தச் சில வரிகள் சொல்லவில்லை. புரட்சியை அடக்க வந்த பிரஷ்யப் படை ஜூன் மாதம் வாக்ஹோய்சலில் வென்று, ஜூலை 23-இல் புரட்சிக்காரர்கள் கையிலிருந்த ராஷ்டட் கோட்டையும் விழுந்தபோது இவர் எங்கே இருந்தார் என்பதும் மூலக் கோப்பைப் பார்த்தால்தான் தெரியும். அதன் நகலைக் கேட்டு எழுதியிருக்கிறோம்.

கப்பல் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் பலர் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகம் வழியாகப் போனார்கள். அங்கே பயணிகள் பட்டியல் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. பருத்தி கொண்டுவந்த கப்பல்கள் திரும்பும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் போகும். அங்கிருந்து மிசிசிப்பியில் நீராவிப் படகில் செயின்ட் லூயிஸ். அதனால் நியூயார்க்கில் தேடிக் கிடைக்காதவர்கள் நியூ ஆர்லியன்ஸ் வருகைப் பட்டியலைப் பாருங்கள். இவர் அங்கேதான் இருந்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் பக்கம் இவர் சண்டையிட்டிருக்கிறார். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இவருடைய மனைவியின் விதவை ஓய்வூதியக் கோப்பு இருக்கிறது. கல்யாணச் சான்று, பிள்ளைகள் பிறந்த தேதி, அக்கம்பக்கத்தார் கொடுத்த சத்தியப் பிரமாணம் எல்லாம் அந்த வகைக் கோப்புகளில் இருக்கும். அதற்கும் பணம் கட்டியாயிற்று. வந்ததும் அந்த அம்மாவின் ஊரைத் தேட ஆரம்பிக்க வேண்டும்.