.30 சூப்பர் கேரி: இரண்டு வருஷத்துக்கு மேல் சுட்ட பிறகு

ஹூஸ்டன் பக்கம் ஒரு கடையில், ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் ஈஸி பிஸ்டலில் .30 சூப்பர் கேரி என்கிற புதுத் தோட்டா போடுகிற மாடல், அதே பிஸ்டலில் வழக்கமான 9 எம்எம் தோட்டா போடுகிற மாடலைவிட நல்ல தள்ளுபடியில் கிடந்தது. 2023 கோடை அது. புதுச்சரக்கை ஏன் இப்படித் தள்ளிவிடுகிறார்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஸ்லைடு, அதாவது தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கிற மேல்பாகம், லேசாக வருகிறது, இதுவே போதும் என்று மனைவி சொன்னாள், வாங்கிவிட்டோம்.

இந்தத் தோட்டாவை ஃபெடரல் நிறுவனம் 2022 ஜனவரியில் அறிமுகப்படுத்தியது. அவர்கள் கணக்கு எளிது. இடுப்பில் மறைத்து வைக்கிற பிஸ்டலுக்குப் பிடி சின்னது, அதற்குள் 9 எம்எம் இத்தனைதான் அடங்கும், அப்போ தோட்டாவை ஒல்லியாக்கு. 9 எம்எம் குண்டின் விட்டம் .355 அங்குலம் என்றால் இது .312 சுமாருக்கு நிற்கும். ஒல்லியானதில் போன பலத்தை உள்ளே அழுத்தத்தை ஏற்றி மீட்கிறார்கள், அதனால் 100 கிரெயின் (சுமார் ஆறரை கிராம்) குண்டு நொடிக்கு 1250 அடி வேகத்தில் போகும் என்று சொல்கிறார்கள். பலத்தில் 9 எம்எம் கிட்டத்தில் வந்துவிடுகிறது. லாபம் பிடிக்குள் போகிற தோட்டாக் கூடான மேகசினில் தெரியும்: 9 எம்எம் ஈஸியில் 8 தோட்டா, என்னுடையதில் 10.

பெயரில் .30 என்று இருந்தாலும் விட்டத்தைப் பார்த்தால் இது .32 குடும்பத்துப் பிள்ளைதான். நம் ஊரில் 9 எம்எம் பொதுமக்களுக்குத் தடை, லைசன்ஸ் வாங்கிக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் .32 பிஸ்டலோ ரிவால்வரோதான் வைத்திருப்பார்கள். ஊரில் அப்படி ஒன்று வைத்திருக்கிற மாமாவிடம் போனில் இதைச் சொன்னேன். "அமெரிக்கா போய் அதே .32ஆ?" என்று சிரித்தார். விட்டம் ஒன்றுதான் மாமா, அழுத்தம் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது என்றேன், நம்பினாரா தெரியவில்லை.

சுடுவது எப்படி? உதைப்பு 9 எம்எம்முக்கு ஒரு மாற்றுக் குறைவு என்று என் கைக்குத் தோன்றுகிறது, ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். உள்ளரங்க ரேஞ்சில் முதல் மேகசின் சுட்டபோது பக்கத்து லேன்காரர் தன் பிஸ்டலை மேசைமேல் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து காதுக்குள் ஒரு அடைப்பான், அதற்கு மேலே மூடி, இரண்டும் போடாமல் நான் போவதில்லை. இதுவரை 1100 தோட்டா சுட்டிருப்பேன், சிக்கியது இரண்டே முறை, இரண்டும் முதல் நாள் நான் பிடியைத் தளரப் பிடித்ததால். மேகசினில் கட்டைவிரலால் கீழே இழுத்துப் பிடிக்கிற சின்ன பொத்தான் இருப்பதால் பத்தையும் நகம் உடையாமல் நிரப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் 9 எம்எம்மும் இருந்தால் இரண்டையும் ஒரே பையில் போடாதீர்கள். ஒருமுறை என் 9 எம்எம் மேகசினில் இது ஒன்று தவறி உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது, ஆடியதால்தான் கண்ணில் பட்டது. குழலுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

சரி, குறைக்கு வருவோம். தோட்டாவிடம் பெரிய குறை இல்லை, கடை அலமாரியில்தான் குறை. 9 எம்எம் மளிகைச் சாமான் மாதிரி எங்கேயும் கிடைக்கும். இதைத் தேடி நான்கு கடை ஏறி இறங்கியிருக்கிறேன், கிடைத்த இடத்திலும் பெட்டிக்கு ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கேட்டார்கள். விலை கூடினால் பயிற்சி குறையும், அது தானாக நடக்கும். முதல் வருஷம் மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போனோம், இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போவதே பெரிது, அதிலும் மனைவி ஒரு மேகசினோடு நிறுத்திவிடுகிறாள். மேகசினில் கூடுதலாகக் கிடைத்த இரண்டு தோட்டாவை நினைத்துக்கொண்டே, மாதம் நூறு தோட்டா பயிற்சியை விட்டிருக்கிறோம்.

பிஸ்டலை விற்கப் போவதில்லை, கேட்டுப் பார்த்தேன், விலை போகாது. அலமாரியில் மூன்று பெட்டி மிச்சம் இருக்கிறது. போன வாரம் மனைவி ஈஸியின் 9 எம்எம் மாடல் என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.