கார்னிவலுக்கு முந்தைய சால்வடோர்: வாடகைக்குக் குடியிருந்த அனுபவம்

பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரையில், பாயியா மாநிலத்தின் தலைநகரான சால்வடோரில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அறை எடுத்து, கார்னிவல் ஊர்வலங்கள் தொடங்கும் வாரம் வரை குடியிருந்தேன். விழா நாட்களுக்கு மட்டும் வந்து போகிறவர்களின் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய வாரங்களில் அங்கே சமைத்து, துணி துவைத்து, பேருந்து ஏறி வாழ்வது எப்படி இருக்கும் என்று சொல்பவர்கள் குறைவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இசைக்காகவும் ஊருக்காகவும் போகிறவருக்கு அந்த முந்தைய வாரங்களே போதும். ஆனால் எந்தப் பகுதியில் தங்குகிறோம் என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமைகிறது.

நான் தங்கியது கடலோரப் பகுதியான பார்ராவில். அங்குள்ள கலங்கரை விளக்கத்திலிருந்து ஒந்தினா வரை செல்லும் கடற்கரைச் சாலைதான் கார்னிவலின் முக்கிய ஊர்வலப் பாதைகளுள் ஒன்று. அதற்குத் தோதோவின் பெயரையும், பழைய நகர மையத்தில் உள்ள பாதைக்கு ஓஸ்மாரின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். இசைக்கலைஞர்களான இவர்கள் இருவரும் 1950-இல் ஒரு பழைய ஃபோர்டு காரில் ஒலிபெருக்கியைப் பொருத்தி, வாசித்துக்கொண்டே தெருவில் வலம் வந்தவர்கள். அந்தக் கார்தான் வளர்ந்து, இன்று மேலே மேடையும் பக்கவாட்டில் ஒலிபெருக்கிச் சுவர்களுமாக நகரும் ராட்சத லாரிகளாக ஆகியிருக்கிறது. வரைபடத்தில் பார்க்கும்போது இந்தச் சாலைக்கு அருகில் இருப்பது வசதியாகத் தோன்றும். ஆனால் விழா நெருங்க நெருங்க, கட்டணம் செலுத்தியவர்கள் நின்று பார்ப்பதற்கான மாடங்களுக்கு இரும்புக் குழாய்ச் சாரங்கள் எழும்புகின்றன. பிறகு அடுக்குமாடி வீடுகளும் கடைகளும் கூட்டத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பலகையும் தகரமும் அடித்து முகப்பை மூடிக்கொள்கின்றன. நான் வாடிக்கையாகப் போய்வந்த மருந்துக் கடை, பலகைச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் வாயில் விட்டு, அதன் மேல் ‘திறந்திருக்கிறது’ என்று பெயிண்டால் எழுதி வைத்திருந்தது. நடைபாதை குறுகி, பேருந்துகள் வேறு தெருக்களுக்குத் திருப்பிவிடப்பட்டு, பக்கத்துக் கடைக்குப் போய்வருவதே ஒரு வேலையாகிவிடுகிறது.

வாடகை விஷயத்தில் எழுத்தில் இல்லாத எதையும் நம்ப வேண்டாம். கார்னிவல் வாரத்தைத் தனியாகப் பிரித்து, மொத்தத் தொகுப்பாகப் பல மடங்கு விலைக்கு விடுவது அங்கே வழக்கம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் என் வீட்டுக்காரர், பேசி முடித்த தேதிக்கு முன்பே அறையைக் காலி செய்யும்படி கேட்டபோது, குறுஞ்செய்தியில் பதிவாகியிருந்த உறுதிமொழிதான் எனக்குக் கைகொடுத்தது.

பணம் செலுத்தும் முறையைப் புறப்படுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பிரேசிலின் மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய பிக்ஸ் என்ற உடனடிப் பரிமாற்ற முறை நம் யூபிஐ போலவே எங்கும் பரவியிருக்கிறது. இளநீர் விற்பவரும் கியூஆர் அட்டையை நீட்டுகிறார். ஆனால் உள்ளூர் வரி எண்ணும் வங்கிக் கணக்கும் இல்லாத பயணிக்கு அது எளிதில் கிட்டாது. கார்டு இயந்திரம் கடற்கரை வியாபாரிகளிடம்கூட இருப்பதால் என் பாடு நடந்துவிட்டது. சில்லறை நோட்டுகளைத் தனியே வைத்துக்கொண்டால் போதும்.

போக்குவரத்து நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. மெட்ரோ விமான நிலையத்துக்கு அருகில் வரை ஓடுகிறது. அங்கிருந்து முனையத்துக்கு இலவசப் பேருந்து உண்டு. மேல் நகரத்தையும் துறைமுகத்தை ஒட்டிய கீழ் நகரத்தையும் இணைக்கும் லசெர்தா மின்தூக்கி, 1873 முதல் இயங்கிவரும் 72 மீட்டர் உயரக் கட்டுமானம். பயணிகளுக்கு அது ஒரு வேடிக்கை, ஊர்க்காரர்களுக்கு வேலைக்குப் போகும் வழி.

உணவில்தான் மனம் அதிகம் நின்றது. தெருமுனைகளில் வெள்ளை உடையும் தலைப்பாகையும் அணிந்த பெண்கள் சுட்டுத் தரும் அகராஜே, தோல் நீக்கிய காராமணியை அரைத்து, வெங்காயம் சேர்த்து, மரக்கரண்டியால் காற்றேற அடித்துச் செம்பனை எண்ணெயில் பொரிப்பது. நம் வடைக்குத் தூரத்து உறவு என்று தயங்காமல் சொல்லலாம். அதை நடுவில் பிளந்து, ரொட்டியும் காய்ந்த இறாலும் முந்திரியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வதப்பாவையும், வெண்டைக்காய்க் கருருவையும், மிளகாய் விழுதையும் வைத்துத் தருகிறார்கள். இந்தப் பெண்களின் தொழில் 2005-இல் பிரேசிலின் தேசியப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்யப்பட்டது. சைவ உணவுக்காரர்கள் மேலே தூவும் இறாலை மட்டும் வேண்டாம் என்றால் போதாது. வதப்பாவிலும் கருருவிலும் அது அரைபட்டுக் கலந்திருக்கும். மதிய உணவுக்கு, தட்டை எடைபோட்டுக் காசு வாங்கும் கிலோ உணவகங்களே சிக்கனம். முந்திரிப் பழச்சாறு எங்கும் கிடைக்கிறது. பண்ருட்டியில் நாம் வளர்க்கும் மரத்தின் தாயகம் இந்தப் பக்கம்தானே. மாலையில் போர்த்தோ த பார்ரா கடற்கரையில், தகர டப்பாவில் கரி நெருப்பை ஏந்தி வரும் பையன்கள், கங்கு கனல வேண்டும் என்று அதை வீசி ஆட்டியபடியே குச்சியில் குத்திய பாலாடைக்கட்டியை வாட்டித் தருகிறார்கள்.

இனி, முந்தைய வாரங்களே போதும் என்று சொன்னதற்கான காரணம். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, வெள்ளை உடுத்திய கூட்டம் துறைமுகத் தேவாலயத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் நடந்து, பொன்ஃபிம் தேவாலயப் படிகளை நறுமண நீரால் கழுவுகிறது. பிப்ரவரி 2 அன்று, ஊரின் இன்னொரு கடலோரப் பகுதியான ரியோ வெர்மேல்யோவில் கடல் தெய்வமான யெமஞ்சாவுக்குப் பூக்களும் வாசனைத் திரவியங்களும் கூடை கூடையாகச் சேர்ந்து, பிற்பகலில் படகுகளில் கடலுக்குப் போகின்றன. இவற்றுக்கிடையே, 1974-இல் தோன்றிய இலே ஐயே, 1979-இல் தோன்றிய ஓலோதும் போன்ற கறுப்பின மக்களின் இசைக்குழுக்கள் ஒத்திகை நடத்துகின்றன. ஊர்வல நாளில் கயிறு கட்டிப் பிரித்த கூட்டத்துக்குள், நுழைவுச் சீட்டாக விலை கொடுத்து வாங்கிய சட்டையுடன் தொலைவிலிருந்து கேட்க வேண்டிய அதே முரசுகளை, ஒத்திகையில் கையெட்டும் தூரத்தில் நின்று கேட்கலாம். செவ்வாய்க்கிழமை மாலை பழைய நகரப் பகுதியான பெலோரின்யோவில், அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் எழுப்பிய ரொசாரியோ தேவாலயத்தில் முரசொலியுடன் நடக்கும் திருப்பலியையும் தவறவிட வேண்டாம்.

துறைமுகத் தொழிலாளர்கள் 1949-இல், காந்தி மறைந்த மறு ஆண்டில், அவர் பெயரால் தொடங்கிய ‘காந்தியின் புதல்வர்கள்’ என்ற கார்னிவல் ஊர்வலக் குழு நமக்குத் தனி ஆர்வம் தருவது. உறுப்பினர்கள் வெள்ளைத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்கார, அதை ஊசி நூல் கொண்டு அப்படியே தலைமேல் தைத்துத் தலைப்பாகையாக்குகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றி அளவாகச் சொல்வதானால்: கைபேசியைத் தெருவில் கையில் பிடித்து நடக்காமல், பணத்தை உடைக்குள் கட்டும் பையில் வைத்து, இருட்டிய பின் பழைய நகரின் ஆளற்ற சரிவுத் தெருக்களைத் தவிர்த்தால் அன்றாட வாழ்வு சிரமமின்றி நடக்கிறது. இரைச்சலுக்குத்தான் மருந்தில்லை. கார்னிவலுக்கு முந்தைய வார இறுதியில் பார்ராவிலேயே ஃபுஸுவே, ஃபுர்துன்ஸோ என்ற சிறு ஊர்வலங்கள் நடக்கின்றன. கயிறும் கட்டணமும் இல்லாததால் எனக்கு மிகவும் பிடித்தவை அவை, ஆனால் அன்று வீட்டில் தூங்க நினைப்பவர் பாவம்.

அடுத்த முறை போனால் பெலோரின்யோவை அடுத்த சாந்தோ அந்தோனியோ பகுதியில் தங்கி, கடலுக்கு மட்டும் பார்ராவுக்கு வந்து போவேன். இந்தியாவிலிருந்து செல்பவர்கள், பிரேசிலிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும் என்பதால், புறப்படுவதற்குப் பத்து நாட்களாவது முன்பு அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.