நிலாவெளிக் கரையில் காசுக் கணக்கு: புறாத்தீவுக்குப் போகிற வெளிநாட்டுத் தமிழருக்கு

திருகோணமலைக்கு விடுமுறையில் போய்வந்த ரொறன்ரோச் சனத்திடம், நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவு (Pigeon Island) எப்படி என்று கேட்டுப் பாருங்கள். மீனையும் பவளத்தையும் பற்றி ஒரு வரி வரும். மிச்சமெல்லாம் நிலாவெளிக் கரையில் காசு கட்டிய கதைதான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. முதல்நாள் பின்னேரம் பக்கத்துக் கடற்கரையான உப்புவெளியில் போட் பேசும்போது “எல்லாம் சேத்துத்தான் அண்ணை, நீங்கள் யோசியாதேங்கோ” என்று ஒரு தொகை பேசப்படுகிறது. அடுத்தநாள் காலை, பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு மணலில் நிற்க, ரிக்கெற் கவுண்டரில் இன்னொரு தொகை வருகிறது. ஆட்கள் கூடினால் அது போட் காசையே தாண்டிவிடும். கட்டவும் மனமில்லை, பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகவும் மனமில்லை. அன்றைய நாளே கசந்துவிடுகிறது.

கட்டணம் எப்படிச் சேர்கிறது என்று முன்கூட்டியே விளங்கியிருந்தால் இந்தக் கசப்பு வராது.

புறாத்தீவு 1963 இல் சரணாலயமானது, 2003 இல் தேசியப் பூங்காவானது. அதனால் அங்கே கால் வைக்க வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ரிக்கெற் வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு நுழைவுக் கட்டணம். குழுவுக்கு ஒருதரம் சேவைக் கட்டணம். அதற்குமேல் வற் வரி, 2024 ஜனவரியிலிருந்து அது 18 வீதம். வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் டொலரில் நிர்ணயிக்கப்படுவது. அன்றைய மாற்று விலைக்கு ரூபாயில் கட்ட வேண்டும். ஆகவே போன வருடம் போன மச்சான் சொன்ன ரூபாய்க் கணக்கை வைத்துக்கொண்டு கரைக்குப் போகக் கூடாது. போட் காசு இதற்குள் எங்கும் இல்லை. அது போட்காரருக்கும் உங்களுக்கும் இடையில் உள்ள தனிக் கணக்கு.

சேவைக் கட்டணம் குழுவுக்கு ஒன்று என்பதைச் சனம் கவனிப்பதில்லை. அக்கா குடும்பமும் தங்கச்சி குடும்பமுமாகப் போனால் ஒரு குழுவாகவே நின்று ஒரே ரிக்கெற்றாக எடுங்கள். தனித்தனியே எடுத்தால் சேவைக் கட்டணமும் அதன்மேல் விழும் வரியும் இரண்டுதரம் போகும். கையில் ரூபாயாகக் காசு வைத்திருங்கள். கிறெடிற் காட்டை நம்பிக் கடற்கரைக்குப் போக வேண்டாம், ஏ.ரி.எம். வேலையைத் திருகோணமலை ரவுணிலேயே முடித்துவிடுவது நல்லது.

ஒன்ராறியோவில் ரொபமோரிக்குப் போய் ஃபிளவர்பொட் தீவைப் பார்த்தவர்களுக்கு இந்த இரட்டைக் கணக்கு புதிதல்ல. அங்கேயும் போட் தனியாருடையது, தீவு தேசியப் பூங்கா. ஆனால் அங்கே வீட்டிலிருந்தே விலையைப் பார்த்து, இடம் பிடித்துக்கொண்டு போய்விடலாம். கரையில் நின்று யாரோடும் வாதாடத் தேவையில்லை. நிலாவெளிக்கு அவ்வளவு கூட வேண்டாம். போட் பேசுகிறவர் ஒரு துண்டுக் கடுதாசியில் தன் காசு இவ்வளவு, பூங்காக் காசு இவ்வளவு என்று இரண்டு வரி எழுதிக் காட்டினால் பாதிச் சண்டை இல்லாமல் போகும். அவர் எழுதாவிட்டால் நீங்கள் எழுதிக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

அடுத்தது கடவுச்சீட்டு. உள்ளூராருக்கும் வெளிநாட்டவருக்கும் இடையில் உள்ள கட்டண வித்தியாசம் பல மடங்கு. உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவரும் கனடாக் கடவுச்சீட்டோடு வந்தால் அந்தக் கவுண்டரில் வெளிநாட்டவர்தான். திருகோணமலைத் தமிழில் எவ்வளவு கதைத்தாலும், பிறப்புச் சான்றிதழை எடுத்துக் காட்டினாலும், அது மாறாது. இலங்கைச் சட்டப்படி இன்னொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றவர்களுக்கு மட்டும்தான் உள்ளூர்க் கணக்கு. அவர்களும் தேசிய அடையாள அட்டையைக் கையில் கொண்டு போக வேண்டும். தகப்பனுக்கு இரட்டைக் குடியுரிமை இருக்க, தாய்க்கும் பிள்ளைகளுக்கும் இல்லை என்றால் ஒரே வீட்டுக்குள் இரண்டு விலை. பெட்டியின் அடியில் கிடக்கிற, ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் போட்ட பழைய அடையாள அட்டையை நீட்டிப் பார் என்று சொந்தக்காரர் யாராவது யோசனை சொல்வார்கள். குடியுரிமை போனவர் அதைக் காட்டுவது பிழை. பிடிபட்டால் மிச்சப்படுத்திய காசைவிடப் பெரிய தொல்லை.

மனம் நோகத்தான் செய்யும். 1983 க்குப் பிறகு ஊரை விட்டவர்களில் எத்தனை பேர் விரும்பியா போனார்கள்? தன் ஊர்க் கடலைப் பார்க்க டொலர்க் கணக்கில் கட்ட வேண்டியிருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கவுண்டருக்குள் இருக்கிற பொடியன் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. அவரோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினால் விலை குறையாது, வெயில்தான் ஏறும். இந்தப் பயணத்தில் வெயில் ஏறுவதற்குள் தீவில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

அதற்கு முதல் போட்டைப் பேசி முடிப்போம். நிலாவெளிக் கரையிலிருந்து தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். உப்புவெளியிலிருந்து போனால் கடலில் நெடுநேரம் இருக்க வேண்டும், எரிபொருள் கூடும், காசும் கூடும். உப்புவெளியில் தங்கியிருந்தாலும் ஓட்டோவிலோ புல்மோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸிலோ நிலாவெளிக்கு வந்து ஏறுவதுதான் புத்தி. பேசும்போது தொகை போட்டுக்கா ஆளுக்கா என்று முதலில் கேளுங்கள். ரிக்கெற் அதற்குள் இல்லை என்பதை நீங்களே சொல்லி உறுதிப்படுத்துங்கள். மாஸ்க்கும் துடுப்புச் சப்பாத்தும் அந்தத் தொகைக்குள் வருகிறதா, போட் எத்தனை மணித்தியாலம் உங்களுக்கு என்பதையும் விட்டுவிடாதீர்கள். நேரத்தில்தான் பெரும்பாலும் பிழைக்கும். உங்களை இறக்கிவிட்டு அதே போட் அடுத்த குழுவை ஏற்றப் போய்விடும். அங்கே ஒரு தாமதம் என்றால், தண்ணீர்ப் போத்தல் முடிந்த நிலையில் நீங்கள் நிழலில்லாத மணலில் இருப்பீர்கள். திரும்பும் நேரத்தை மணிக்கூட்டைக் காட்டிப் பேசுங்கள், ஓட்டியின் கைத்தொலைபேசி இலக்கத்தை எடுங்கள், காசில் பாதியைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். இதில் கோபிக்கிறவர்கள் குறைவு. கரையில் உள்ளவர்களே ஒருவருக்கொருவர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இனி நேரம். காலை ஏழு மணிக்கு ஏறுவது வேறு பயணம், பத்து மணிக்கு ஏறுவது வேறு பயணம். ரொறன்ரோப் பள்ளி விடுமுறை யூலை, ஓகஸ்ட். கிழக்குக் கரைக்கு அது நல்ல பருவம். மே முதல் செப்ரெம்பர் வரை கடல் அமைதி. தெற்கு, மேற்குக் கரைகளில் அப்போது கடல் கொந்தளிக்கும், இங்கே நேர்மாறு. ஆனால் அதுவே கச்சான் காற்றுக் காலமும். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி இந்தப் பக்கம் இறங்குகிறது. அந்தக் காற்றில் துவாய் பத்து நிமிடத்தில் உலரும், உதடு வெடிக்கும், தாகம் தெரியாமலே உடம்பில் தண்ணீர் குறையும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் அதிகமில்லை. மீள நிரப்புகிற போத்தலில் கொண்டு போங்கள், வெறும் பிளாஸ்ரிக் தீவில் மிஞ்சக் கூடாது.

இந்தக் காற்றைப் பற்றி ஊர் ஆட்கள் சொல்கிற ஓர் எச்சரிக்கையை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அலை எழும்பாது, பார்க்கக் குளம் மாதிரி இருக்கும். அந்த அமைதியை நம்பி ரியூப்பிலும் காற்றடைத்த மெத்தையிலும் பிள்ளைகளைப் படுக்க விட்டால், அது சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். நீந்தித் துரத்தினால் காற்றின் வேகத்துக்கு எட்டாது. காற்றடைத்த சாமான்களை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலுக்குள் இறக்கவே வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் உயிர்காப்புக் காவலர் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சனி, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் தீவுக்குப் போகாதீர்கள். நாடு முழுவதிலுமிருந்து பஸ் பிடித்து ஆட்கள் வருவார்கள். அந்தச் சின்ன மணற்கரை தாங்காது, தண்ணீரும் கலங்கிவிடும். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் முதல் போட்டில் போனால் கரையோர ஆழம் குறைந்த நீரிலேயே கருநுனிச் சுறாவைக் காணலாம். முதுகுச் செட்டையின் நுனி மை தொட்டதுபோல் கறுப்பு. கூச்சம் மிகுந்த மீன் அது, சனம் சேர்ந்தால் ஆழத்துக்குப் போய்விடும். பத்து மணிக்கு வந்துவிட்டு “சுறா ஒன்றும் இல்லை” என்று சொல்கிறவர்கள் பிந்தி வந்தவர்கள்.

வாடகை மாஸ்க்கைச் சோதிக்காமல் போட்டில் ஏற வேண்டாம். வெயிலில் கிடந்து கிடந்து சிலிக்கன் ஓரம் மஞ்சளாகி விறைத்திருக்கும், முகத்தோடு ஒட்டாது. பட்டியைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுத்துக் கையை விடுங்கள். விழாமல் நின்றால் நல்லது. காற்று புகுந்தால் தண்ணீரும் புகும், வேறொன்று கேளுங்கள். நெற்றி மயிர் ஓரத்துக்குள் அகப்படக் கூடாது. மீசைக்காரருக்குக் கொஞ்சம் கசியும், மூக்குக்குக் கீழே சிறிது வாஸ்லின் பூசலாம். கண்ணாடி மங்காமல் இருக்க உள்பக்கம் எச்சில் தடவி ஒருதரம் அலசினால் போதும். பெரியவர்களின் லைஃப் ஜக்கற் சின்னப் பிள்ளைகளின் தலைக்கு மேலால் கழன்றுவிடும். தோளில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை வந்தால் அது உதவாது. ஐந்தாறு வயதுப் பிள்ளை இருந்தால் கனடாவிலிருந்து ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வருவதே மேல், பாரமும் இல்லை.

தீவுக் கரையில் பாதி மணல், பாதி செத்த பவளத் துண்டு. வெறுங்காலோடு இறங்கினால் வெட்டும். றப்பர்ச் சப்பாத்து வேண்டும். அந்தச் சப்பாத்தோடு உயிருள்ள பவளத்தின் மேல் ஏறி நிற்பதுதான் இந்த இடத்தைக் கொல்கிறது. 1998 இல் கடல் சூடேறி இலங்கையின் தெற்கு, மேற்குப் பவளங்கள் வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் தப்பியது. அப்படித் தப்பியதை, மூச்சு வாங்கவும் மாஸ்க்கைத் திருத்தவும் எழும்பி நிற்கிற கால்கள் நொறுக்குகின்றன. நிற்க வேண்டுமென்றால் மணலுக்கு நீந்தி வந்து நில்லுங்கள். நீந்தத் தெரியாதவர்கள் ஜக்கற்றோடு மிதந்தே பார்க்கலாம், ஓர் ஆள் ஆழத்திலேயே எல்லாம் தெரியும். சன்ஸ்கிறீன் பூசுவதற்குப் பதிலாக நீளக்கை நீச்சல் சட்டை போட்டால் முதுகும் எரியாது, தண்ணீரில் எண்ணெயும் மிதக்காது.

பழைய ஆட்கள் மீன்பிடி வள்ளத்தில் சோற்றுப் பார்சலோடு போய், பாறை நிழலில் சாப்பிட்டு, பொழுதுபட வந்த நாட்களைச் சொல்வார்கள். அப்போது ரிக்கெற்றும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. இப்போது தீவில் சமையலும் இல்லை, கடையும் இல்லை. ஆகவே வெள்ளென இடியப்பமோ பாணோ சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், பதினொரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். மத்தியானச் சாப்பாட்டைப் போகும்போதே சொல்லி வைக்க வேண்டும். கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் மீனை அதன் பிறகுதான் வெட்டத் தொடங்குவார்கள். பசியோடு வந்து ஓடர் கொடுத்தால் ஒரு மணித்தியாலம் போகும். வந்ததும் அந்தச் சுவைக்குக் குறை சொல்ல முடியாது. ஸ்காபறோவில் எவ்வளவு தேடினாலும் இப்படிக் கடலிலிருந்து நேரே சட்டிக்கு வந்த பாரை மீன் கிடைக்காது.

மிச்ச நாட்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளித்தான் குளிக்க வேண்டும், சவர்க்காரம் போடக் கூடாது. கோணேசர் கோயிலுக்குக் காலையிலோ பின்னேரமோ போங்கள், மத்தியானம் நடை சாத்தியிருக்கும், கல்லும் சுடும். கோயிலுக்குப் போகிற வழியில் உள்ள கோட்டைக்குள் நிற்கிற மான்கள் பழகியவை, கையிலுள்ள பையையே இழுக்கும். வாழைப்பழத்தைப் பொலித்தீனோடு விட்டால் பொலித்தீனையும் விழுங்கிவிடும்.

தீவிலிருந்து திரும்பும்போது பிள்ளைகளின் பொக்கற்றைப் பாருங்கள். வெள்ளைப் பவளத் துண்டும் சிப்பியும் கட்டாயம் இருக்கும். கரையில் செத்துக் கிடந்தது என்றாலும் தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது; கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கும்போது அகப்பட்டால் விளங்கப்படுத்துவது கஷ்டம். போட் கிளம்புவதற்கு முன்னாலேயே மணலில் திருப்பி வைத்துவிடச் சொல்லுங்கள்.