22-ஐத் திறந்தே வைப்பதா, வயர்கார்டுக்குப் பின்னால் ஒளிப்பதா?

திருப்பூர், பல்லடம் பக்கத்துப் பனியன் நிறுவனங்கள் சிலவற்றின் சர்வர்களைக் கவனிப்பது என் தொழில். தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய எஸ்எஸ்எச் பயன்படுத்தும் போர்ட், அதாவது கதவு எண்தான் 22. வயர்கார்டு என்பது அதற்கு முன்னால் போடும் விபிஎன், சாவி உள்ளவருக்கு மட்டும் திறக்கும் தனி வழி. வயர்கார்டு பக்கம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டவன் என்பதால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்எச் (பெரும்பாலான சர்வர்களில் ஓடும் எஸ்எஸ்எச் மென்பொருள்) ஓட்டைதான் இந்தக் கேள்வியைக் கிளப்பியது. 2006-இல் அடைத்த ஓட்டை 8.5 பதிப்பில் மறுபடி திறந்துகொண்டது. உள்ளே நுழையத் தரும் அவகாசம், வழக்கமாக 120 நொடி, தீர்ந்ததும் எழும் சிக்னலுக்கு நடுவே செய்யக்கூடாத வேலையை சர்வர் செய்துவிடுகிறது. அந்தக் கணம் வாகாக அமைந்தால் கடவுச்சொல்லும் சாவியும் இல்லாமலே ரூட் அதிகாரம், அதாவது சர்வர் முழுவதையும் ஆளும் அதிகாரம், கைமாறும். 32 பிட் லினக்ஸில் அந்தக் கணத்தைப் பிடிக்கவே சுமார் 10,000 முயற்சிகள் ஆயின; ரூட் கைக்கு வரச் சராசரியாக 6 முதல் 8 மணி நேரம் ஆனது. ஓபன்எஸ்எஸ்எச் 8.2-இல் ஓடிய உபுண்டு 20.04 (லினக்ஸின் ஒரு வகை) பழையது என்பதாலேயே தப்பித்தது, வேடிக்கைதான்.

அவகாசத்தைப் பூஜ்ஜியமாக்கும் தற்காலிக வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஓட்டை மூடும்; ஆனால் பாதியில் நிற்கும் இணைப்புகள் குவிந்து, நமக்கே உள்ளே இடமில்லாமல் போகும்.

22-ஐத் திறந்து வைத்துத் தானியங்கி அப்டேட்டை நம்புவது மோசமான வழியல்ல. திருத்தம் அன்றே வந்தது. உபுண்டு 22.04-இல் திருத்தத்தைப் பழைய பதிப்பிலேயே சேர்ப்பதால் பதிப்பு எண் 8.9 என்றே நிற்கும். வால் பகுதியில் 3உபுண்டு0.10 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரியாகிவிட்டது. பையரின், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்தின், தணிக்கையாளர் 8.9-ஐ மட்டும் பார்த்து முகம் சுளிப்பார், அவரிடம் வாலைக் காட்ட வேண்டும்.

என்னைச் சாய்த்தது பராமரிப்பு. நிறுவனத்தின் ஆர்டர், கணக்குகளை ஓட்டும் ஈஆர்பி மென்பொருளை விற்றவர், "எங்களைக் கேட்காமல் அப்டேட்டைத் தொடாதீர்கள்" என்பார். தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய், நிட்டிங் முதல் பேக்கிங் வரை பூட்டிக் கிடக்கும் வாரத்தில் அவரும் போனை எடுக்க மாட்டார். அப்போது அடுத்த ஓட்டை வந்தால்? வயர்கார்டு இருந்தால் 22 வெளியுலகுக்குத் தெரியாது. வயர்கார்டே சாவி பொருந்தாத யாருக்கும் பதில் தராது; போர்ட்டைத் தட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே ஆள் இருப்பதே தெரியாது. அப்டேட்டைத் தவிர்க்க முடியாது, ஆனால் விற்றவர் திரும்பி வரும்வரை பொறுக்கலாம். எல்லோரும் ஒரே வயர்கார்டு வாயில் வழியாக வந்தால், வேலையை விட்டுப் போனவரின் பியர் பதிவை (அங்கே உள்ள அவருடைய சாவிப் பதிவை) நீக்கினால் அவர் வழி எல்லா சர்வருக்கும் ஒரே அடியில் அடைபடும். எஸ்எஸ்எச் சாவி மட்டும் என்றால் ஒவ்வொரு சர்வராகத் தேடித் துடைக்க வேண்டும்.

தொல்லை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மடிக்கணினிக்கும் தனிச் சாவி, அதை வாங்கிக்கொள்ள முணுமுணுக்கும் மெர்ச்சண்டைசர்கள் (ஆர்டர்களைக் கவனிப்பவர்கள்). வயர்கார்டு சுரங்கம், அதாவது அந்தத் தனி வழி, படுத்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். கிளவுட் சர்வர் என்றால் அதைத் தருபவரின் கன்சோல் என்ற மாற்று வழி உண்டு. மில்லுக்குள் இருக்கும் பெட்டி என்றால் வண்டியை எடுக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கானோர் நுழையும் பெரிய அலுவலகத்தில் இது எப்படி நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்த்தவை பத்துப் பதினைந்து பேர் புழங்கும் இடங்கள். தனி ஐடி ஆளும் தடையற்ற அப்டேட்டும் உள்ள கோவை நிறுவனம் என்றால், 22-ஐத் திறந்து வைத்தாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன்.