நாலாவது எண்ணிக்கையில் நிற்க இரண்டரை வருஷம்

பாட்டுக்கு ஆடிக்கொண்டே செய்யும் உடற்பயிற்சியான ஜூம்பாவில் சேரும்போது எனக்கு வயது 44. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர், எனக்கு நடை போரடித்தது. எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் காலை ஆறு மணிக்கு வகுப்பு, மாசம் 2,000 ரூபாய். முதல் நாள் போனால் பதினெட்டு பேரில் நான் ஒருத்தன்தான் ஆண். கடைசி வரிசையில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக இடம் பிடித்தேன். இன்றைக்கும் அதே இடம்தான்.

ஆறு மாதத்தில் நாலு கிலோ இறங்கியது. அப்புறம் முள் அசையவே இல்லை (ராத்திரி பரோட்டாவை நான் விடவில்லை, அது வேறு கதை). ஆனால் திருவான்மியூர் பறக்கும் ரயில் படிகளை இப்போது நடுவில் நின்று மூச்சு வாங்காமல் ஏறுகிறேன்.

கொலம்பியாவின் காலி நகரத்தில், 1990களில் பெட்டோ பெரெஸ் என்ற ஏரோபிக்ஸ் ஆசிரியர் வகுப்புக்கான கேசட்டை மறந்து வந்து, கையிலிருந்த சல்சா, மெரெங்கே என்ற லத்தீன் ஆட்டப் பாட்டுகளைப் போட்டுச் சமாளித்ததில் பிறந்ததுதான் ஜூம்பா என்பார்கள். அந்தச் சமாளிப்பு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தப்பாக ஆடினால் யாரும் கண்டுகொள்வதில்லை, திருத்துவதும் இல்லை. கூச்சப்படுகிற ஆளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒரு வருஷம் போனதும் எனக்கு ஆடத் தெரியும் என்று நானே நம்பிவிட்டேன். அந்தத் தைரியத்தில்தான் ஜோடியாக ஆடுகிற சல்சா வகுப்புக்குப் போனேன்.

சல்சாவில் எட்டு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் கால் வைக்கவேண்டும். ஐந்து, ஆறு, ஏழுக்கும் அப்படியே. நாலுக்கும் எட்டுக்கும் அடி இல்லை. சின்ன வயதில் மூன்று வருஷம் மிருதங்கம் கற்றவன் நான். ஆதி தாளமும் எட்டுதானே என்று ஒரு தெனாவட்டு. அதுவே வினையாகிவிட்டது. கை தன்னால் தொடையில் தாளம் போடும். நாலுக்கு நடுவிரல் தொட்டதும் கூடவே காலும் இறங்கிவிடும். ஐந்துக்கு வலது கால் பின்னால் போகவேண்டிய நேரத்தில் இடது கால் கிளம்பும். எதிரில் இருப்பவரின் கட்டைவிரல் நசுங்கும். மூன்று வாரம் இதே கூத்து.

ஒரு நாள் மாஸ்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நாலு இல்லைன்னு நினைக்காதீங்க சார். மூணாவது அடியில முழு எடையும் இறங்கறதுக்கு நாலு வரைக்கும் டைம் இருக்குன்னு நினைங்க." அன்றைக்குத்தான் பிடிபட்டது. எடை ஒரு காலில் முழுசாக இறங்கினால் இடுப்பு தானாக நகர்கிறது, ஆட்டவேண்டியதில்லை. ஒரு வருஷ ஜூம்பாவில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜோடி மாற்றுவார்கள். முதலில் கை நடுங்கியது. "தள்ளாதீங்க தம்பி, நானே திரும்புவேன்" என்று ஒரு அம்மா சொன்ன பிறகுதான் விரல் நுனியில் சைகை காட்டினால் போதும் என்று புரிந்தது. மே மாதத்தில் மாற்றுச் சட்டை இரண்டு கட்டாயம்.

முக்கியமான விஷயம் ஷூ. ஓடுகிற ஷூவோடு சுழன்று இடது முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். ரப்பர் அடி தரையைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் மாட்டுவது முட்டி. இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். டான்ஸ் ஷூ விலையைப் பார்த்துவிட்டு, பழைய ஆபீஸ் ஷூவை மந்தைவெளியில் செருப்பு தைக்கும் தாத்தாவிடம் கொடுத்து அடியில் தோல் ஒட்டச் சொன்னேன். "வழுக்குமே சார்" என்றார். வழுக்கத்தான் வேண்டும் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒன்றரை வருஷமாக அதுதான் உழைக்கிறது. மொட்டை மாடி ஜூம்பாவுக்கு அது ஆகாது, அங்கே குதிப்பதற்கு மெத்தென்ற ஷூதான் வேண்டும்.

எடை குறைய ஜூம்பா மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேர்க்க ஜூம்பா, ஆட சல்சா. நான் இரண்டையும் விடவில்லை.

போன மாதம் பச்சாட்டாவிலும் சேர்ந்தேன், டொமினிக்கன் குடியரசு ஆட்டம். மூன்று அடி வைத்து, நாலாவதில் காலைச் சும்மா தொட்டு இடுப்பை ஒரு வெட்டு வெட்டவேண்டும். நாலுக்கு இங்கே வேலை இருப்பதால் என் விரலும் காலும் ராசியாகிவிட்டன. இடுப்புதான் இன்னும் வரவில்லை.